ஒன்றாம் எண் பாட்டில்

எட்டாம் வகுப்பில் கலவைகளைப் பிரிக்கும் பாடத்தை எப்படி நடத்துவது என்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் நான் எழுதித் தர வேண்டுமாம். நம் பள்ளி அறிவியல் துறையிலிருந்து போன மாதம் கேட்டார்கள். நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. மந்தைவெளியில் என் வீட்டு அழைப்பு மணியைத் தண்ணீர் கேன் போடுகிறவரைத் தவிர வேறு யாரும் அடிப்பதில்லை. அதனால் கேட்ட மாத்திரத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். பிகு பண்ணிக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

மணலையும் உப்பையும் எப்படிப் பிரிப்பது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் விடுங்கள், கலக்குங்கள், வடிகட்டுங்கள், காய்ச்சுங்கள். புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, வடிகட்டி முடித்ததும் வரும் கேள்வி. வருஷா வருஷம் யாராவது ஒருத்தி எழுந்து கேட்பாள். "மிஸ், இது சும்மா தண்ணி மாதிரிதானே இருக்கு? உப்பு உள்ளதான் இருக்குன்னு எப்படி நம்புறது?" நியாயமான கேள்வி. காய்ச்சிக் காட்டலாம். ஆனால் அதற்குக் கால் மணி நேரம் ஆகும், அதற்குள் வகுப்பு மீன் மார்க்கெட் ஆகிவிடும். நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் உடனே விளங்கிவிடும். இருபது வருஷம் நானும் அப்படித்தான் விளங்க வைத்தேன். அதில் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லேப் அட்டெண்டர். அவருக்குப் பெயர் இருக்கிறது. ஆனால் பள்ளியில் எல்லோருக்கும் அவர் பாய்தான், தலைமையாசிரியையிலிருந்து ஆறாம் வகுப்பு வாண்டு வரைக்கும். ஒன்பதாம் வகுப்பு பெயில். ஆனால் பிளஸ் டூ பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது பின்னால் நடந்துபோகிற போக்கில் சோதனைக் குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாப்பா, ஆசிட் ஜாஸ்தி ஊத்திட்ட. கொட்டிட்டு மொதல்லேர்ந்து வா" என்பார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எம்.எஸ்ஸி. படித்த நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவரிடம்தான் லேபைக் கற்றுக்கொண்டேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ருசி பார்க்கும் விஷயத்தில் அவருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. "வாய்க்குள்ள போற சாமான் லேபுக்குள்ள வரக் கூடாது மிஸ். லேப் சாமான் வாய்க்குள்ள போவக் கூடாது. அவ்ளோதான்." அதற்காகத் தன் அலமாரியில் தனியாக ஒரு டப்பா வைத்திருந்தார். கடையில் வாங்கிய சமையல் உப்பு, கழுவிய மணல், வெள்ளைத் துணி, வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு எவர்சில்வர் டம்ளர். ருசி பார்க்கும் பாடம் வந்தால் பிள்ளைகளை வராந்தாக் குழாயடிக்கு அழைத்துப் போய் அந்தச் சாமானில்தான் செய்ய வேண்டும். "எதுக்கு பாய் இந்த ரோதனை" என்று நான் சலித்துக்கொள்வேன். அவர் டப்பாவை எடுத்து நீட்டுவார்.

பதினொரு மணிக்கு ஒரு டீ, மூன்றரைக்கு ஒரு டீ. இரண்டையும் லேப் பின்கட்டில் நாங்கள் இருவரும்தான் குடிப்போம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் அடித்தால் "இன்னா மிஸ், கண்ணு செவந்து கீது" என்று கேட்க இந்த ஊரில் ஒரே ஆள் அவர்தான். நோன்பு நாட்களில் எனக்குத் தூக்குச் சட்டியில் கஞ்சி வரும். கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொண்டுபோவேன். இதற்கு நட்பு என்று பெயர் வைக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் பள்ளியை விட்டுப் போன பிறகுதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டரைக்கு அவர் தொழுகைக்குப் போய்விட்டு இரண்டு மணிக்குள் வந்துவிடுவார். எழுத்தில் அனுமதி கிடையாது. நான்தான் வேலைக்குச் சேர்ந்த வருஷமே "போய்ட்டு வாங்க பாய், நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தேன். அதுவே நடைமுறை ஆகிவிட்டது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பத்து வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வருஷம் எட்டாம் வகுப்பை எடுத்த அறிவியல் மிஸ் பிரசவ விடுப்பில் இருந்ததால் அந்த வகுப்புக்கும் நானே போய்க்கொண்டிருந்தேன். பிரித்தல் பாடத்தைத் திங்கட்கிழமைக்கு வைத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்குத் தலைமையாசிரியை வந்து, "தாளாளர் நாலு விருந்தாளிங்களோட வராரு. எட்டாம் கிளாஸை லேபுக்குக் கூட்டிட்டுப் போய் ஏதாவது செஞ்சு காட்டுங்க. பளிச்சுன்னு இருக்கணும்" என்றார். பளிச்சென்று என்ன செய்வது? கைவசம் இருந்தது திங்கட்கிழமைப் பாடம்தான்.

பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து லேபுக்குக் கூட்டி வருவதற்குள் பாய் கிளம்பிப் போய்விட்டார். அலமாரி பூட்டியிருந்தது. டப்பா உள்ளே. சாவி அவர் சட்டைப் பையில். பின் மேசையில், பிற்பகல் பிளஸ் ஒன் செய்முறைக்காக உப்பு பாட்டில்களை அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். அவற்றில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண்ணில் எந்த உப்பு என்பது பாயின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும், அதுவும் அந்த இரும்பு அலமாரிக்குள்தான். பிள்ளைகள் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் ஒன்றாம் எண் எனக்குத் தெரியும். அது எப்போதும் சாதாரண உப்பு. கை பழகுவதற்கு முதலில் கொடுப்பது. இருபது வருஷமாக அதுதான் ஒன்றாம் எண்.

அதை எடுத்தேன். மணலோடு கலந்தேன். ருசி பார்க்கிற எண்ணம் அப்போது இல்லை, சத்தியமாக இல்லை. கரைத்து, வடிகட்டிக் காட்டிவிட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். விருந்தினர்கள் வந்து பின்னால் நின்றார்கள். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் தெளிந்து இறங்கியது. முதல் பெஞ்சில் கீர்த்தனா என்று ஒரு பெண். வாயாடி, கெட்டிக்காரி. எழுந்து அதே கேள்வியைக் கேட்டாள். "உப்பு உள்ளதான் இருக்குன்னு எப்படி மிஸ் நம்புறது?"

விருந்தினர் ஒருவர் சிரித்துக்கொண்டே "நல்ல கேள்வி" என்றார். மணி அடிக்க நான்கு நிமிஷம் இருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நம்ப வேண்டாம். நாக்குல வச்சுப் பாரு" என்று குவளையை நீட்டினேன்.

ஒரு சொட்டுதான் வைப்பாள் என்று நினைத்தேன். அவள் வீராப்பாக ஒரு வாய் நிறையக் குடித்து விழுங்கிவிட்டாள். முகத்தைச் சுளித்து, "மிஸ், கசக்குது" என்றாள்.

"உப்பு கசக்குமாடி? உன் வாயில என்ன இருந்துச்சோ" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. விருந்தினர்களும் சிரித்தார்கள். கீர்த்தனாவும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். மணி அடித்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரு பிள்ளை, தான் பார்த்ததை, தான் ருசித்ததை அப்படியே சொன்னாள். அறிவியல் என்று நாம் மாரடிப்பதெல்லாம் அதற்குத்தான். அவள் சொன்னதும் நான் குவளையைப் பார்த்திருக்க வேண்டும். நான் விருந்தினர்களைப் பார்த்தேன். என் உத்தியோகத்தில் நான் செய்த மிகப் பெரிய தப்பு பாட்டிலை மாற்றி எடுத்தது இல்லை, இதுதான். அந்தப் பிள்ளையின் நாக்கை நம்பாமல் என் இருபது வருஷத்தை நம்பினேன்.

எல்லோரும் போன பிறகு பாட்டிலை அதன் இடத்தில் வைக்கப் போனேன். அப்போதுதான் பொறி தட்டியது. முந்தின வாரம் டீ குடிக்கும்போது நானே சொல்லியிருந்தேன்: "பாய், நம்பரெல்லாம் பிள்ளைங்களுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. சீனியருங்க ஜூனியருங்களுக்குச் சொல்லிக் கொடுத்துடறாங்க. எல்லாத்தையும் கலைச்சு மாத்திடுங்க." அவர் மாற்றியிருக்கிறார். சொன்ன எனக்குத்தான் மறந்துபோயிருக்கிறது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பதினாறு பாட்டில்களில் வெள்ளையாக இருப்பவை பாதிக்கு மேல். சில உப்புகள் வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. சில உப்புகள் ஆளையே கொன்றுவிடும். இது எது? நான் வேதியியல் ஆசிரியை. நாலு சொட்டு அமிலத்தில் பாதி விடை தெரிந்துவிடும். சோதனைக் குழாயை எடுக்கக் கை நீட்டியவள் நிறுத்திக்கொண்டேன். அந்தப் பதற்றத்தில் நான் காண்பதைத் தப்பாகப் படித்தால்? சற்று முன் ஒரு தடவை தப்பாகப் படித்தாகிவிட்டது. அன்று என் கண்ணை நான் நம்பவில்லை. அந்த நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

சாப்பாட்டு மரத்தடிக்கு ஓடினேன். கீர்த்தனா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "வயிறு ஒரு மாதிரி இருக்கு மிஸ்" என்றாள். விளையாட்டு மிஸ் பக்கத்தில் இருந்தார். "எதையோ மாத்திக் குடிக்க வச்சுட்டேன். என்னன்னு தெரியல. இவளைக் கூட்டிக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஃபோனைக் கையிலயே வச்சிருங்க, பேரை நான் சொல்றேன்" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். என்னவென்று தெரிந்த பிறகு அனுப்பலாம் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளை முதலில் கிளம்பட்டும். பெயர் பின்னால் போகட்டும்.

பாயின் ஃபோன் அணைத்திருந்தது. பள்ளிவாசல் இரண்டு தெரு தள்ளி. வேகாத வெயிலில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். உள்ளே இடம் போதாமல் தெருவிலும் ஜமுக்காளம் விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் உரை நடந்துகொண்டிருந்தது. கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு மூச்சிரைக்க ஒரு பொம்பளை வந்து நின்றதும் எல்லாத் தலையும் திரும்பியது. ஓரத்தில் செருப்புக்குக் காவல் இருந்த ஒரு வாலிபர், "இன்னாம்மா வோணும்? தொழுகை முடியட்டும்" என்றார்.

"முடியற வரைக்கும் தாங்காதுப்பா. எங்க ஸ்கூல் லேப் பாயைக் கூப்பிடுங்க, ஒரு பிள்ளை உயிரு" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் உடனே வரிசையில் கடைசியில் இருந்தவரிடம் குனிந்து சொன்னார். அவர் முன்னால் இருந்தவரிடம் சொன்னார். அப்படியே உள்ளே போனது. பாய் தொப்பியோடு வெறுங்காலில் வந்து நின்றார்.

"பாய், ஒண்ணாம் நம்பர்ல என்ன இருக்கு?"

 "யாரு குடிச்சது?" என்றார். பாட்டிலில் என்ன என்று சொல்வதற்கு முன் அதைத்தான் கேட்டார்.

"எட்டாம் கிளாஸ் கீர்த்தனா. ஒரு வாய்."

"பேரியம் மிஸ். பேரியம் குளோரைடு. சீக்கிரம் போன் போடுங்க."

போட்டேன். ஆட்டோ அப்போதுதான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தது. வழியிலேயே இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். பெயர் தெரிந்ததால் மருத்துவர்கள் எந்த மருந்து என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. நானும் பாயும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தோம். அவர் செருப்புக்கூடப் போடவில்லை. சாயங்காலம் வரை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் ஜெபமாலை சொன்னேன். அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. கை கால் தளர்ந்து போய், நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகி, இரண்டு நாள் ஆட்டிவைத்துவிட்டுப் பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பெயர் வந்து சேர இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் கஷ்டம்தான் என்று மருத்துவர் சொன்னார்.

இத்தோடு முடித்திருந்தால் இது உங்களுக்கு ஒரு நல்ல பாதுகாப்புப் பாடம். முதலில் எழுதியபோது இத்தோடுதான் முடித்தேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. அதற்கு முன் தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, பள்ளியின் பெயரைக் காப்பாற்றுவது அவர் கவலை. "ஜூன்ல நான் ரிட்டயர்டு. இந்த நாற்காலி உங்களுக்குன்னு தாளாளர் முடிவு பண்ணியாச்சு. பாட்டிலை எடுத்து வைக்கிறது அட்டெண்டர் வேலை. டியூட்டி நேரத்துல வெளிய வேற போயிருக்காரு. நீங்க உள்ள வந்து எதையும் சொல்லாதீங்க. கேட்டா மட்டும் பேசுங்க."

அறையில் தாளாளர், தலைமையாசிரியை, கீர்த்தனாவின் அப்பா, நான். பாய் நின்றுகொண்டிருந்தார்.

"நம்பரை மாத்தினது யாரு?" என்று தாளாளர் கேட்டார்.

"நான்தான் சார் மாத்தினேன்" என்றார் பாய். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

அது உண்மைதான். பாதி உண்மை. மாற்றச் சொன்னது யார் என்கிற மீதியை அவர் சொல்லவில்லை. என் வாயால் நான் சொல்லட்டும் என்று விட்டுவைத்தார். நான் சொல்வேன் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

நான் மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை யாரைக் கேட்டு வெளிய போனீங்க?"

பாய் மறுபடி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கொஞ்சம் நேரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "யாரையும் கேக்கல சார்" என்றார்.

கீர்த்தனாவின் அப்பா எழுந்துவிட்டார். "எம் பொண்ணுக்கு வெஷம் வச்சவன இன்னும் நிக்க வச்சுப் பேசினு இருக்கீங்களா?" என்று கத்தினார். சாயங்காலம் கேட்டில் பிள்ளைகள் முன்னால் பாயின் சட்டையைப் பிடித்துவிட்டார். காவலாளி விலக்கிவிட்டார். நான் லேப் ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்குக் கால் இருந்தது, வாய் இருந்தது. இறங்கிப் போகவில்லை.

அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். போகும்போது பாய் லேபுக்கு வந்தார். சாவிக்கொத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் மேசைமேல் வைத்தார். "நம்பரெல்லாம் இதுல எழுதிக் கீது மிஸ். பாத்து எடுங்க" என்றார். படியிறங்கிப் போய்விட்டார். இருபது வருஷம்.

பத்து நாள் கழித்து எனக்குத் தாங்கவில்லை. நடந்ததையெல்லாம் எழுதித் தாளாளரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஃபைலை மூடியாச்சு மிஸ். பொண்ணோட அப்பாவும் சமாதானம் ஆயிட்டாரு. மறுபடி கிளறினா பள்ளிக்கூடத்துக்கே ஆபத்து." நான் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, நான் சொல்லிவிட்டேன், அவர்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஜூனில் நாற்காலி வந்தது. ஒன்பது வருஷம் உட்கார்ந்தேன். பதினொரு மணிக்குத் தட்டில் வைத்து, மூடி போட்டு டீ வரும். கதவு சாத்திய அறையில் ஒரு ஆள் தனியாக டீ குடிப்பதற்குப் பெயர் பதவி. கண் சிவந்திருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், தலைமையாசிரியை கோபமாக இருக்கிறார் என்று ஒதுங்கிப் போவார்கள். பாயைத் தேடிப் போகலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்துக்கொண்டே வருஷங்கள் ஓடிவிட்டன.

போன மாதம் உங்களுக்காக எழுத உட்கார்ந்தபோது, ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்த இடத்தில் நிறுத்திப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நான் புத்திசாலி மாதிரி இருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டு முழுவதையும் எழுதினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு பாயைப் பார்க்க மேற்கு மாம்பலம் போனேன்.

மருமகனின் தையல் கடையில் பாய் உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்றேன். "இன்னா மிஸ், பாதி ஆளாயிட்டீங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். மருமகன் வெளியே போய்விட்டார். நான் எழுதியதைப் படித்தேன். பாய் தையலை நிறுத்தாமல் கேட்டார்.

முடித்ததும், "எம்மேல கோவமா பாய்?" என்றேன். பைத்தியக்காரத்தனமான கேள்வி.

"இல்லாம இருக்குமா மிஸ்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "வேல போச்சு, அது பரவால்ல. இன்னொண்ணு கெடச்சிது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அவ்ளோதான்."

"என்னை மன்னிச்சிடுங்க பாய்."

"அத்த வுடுங்க. எனக்குத் தெரிஞ்சத எனக்கே வந்து படிச்சிக் காட்டினா இன்னா பிரயோஜனம்?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்தப் பொண்ணு கீதே, கீர்த்தனா. போன வருஷம் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டுல பாத்தேன். நல்லா வளந்துட்டுது. மூஞ்சி மட்டும் அதே மூஞ்சி. எனக்கு சந்தோசமா போச்சு, சிரிச்சேன். அது என்னைப் பாத்துட்டு அப்டியே வெலவெலத்துப் போயி அந்தாண்ட ஓரமா ஒதுங்கி ஓடிச்சு மிஸ். வெஷம் வச்ச ஆளுன்னு இன்னும் நெனச்சிகினு கீது. நான் மவுத்தா போனாலும் அது மனசுல நான் அந்த ஆளுதான். என்கிட்ட படிக்காதீங்க. அதுகிட்ட போய்ப் படிங்க."

பழைய மாணவிகளின் குழுவில் கேட்டு எண் வாங்கினேன். கீர்த்தனா தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் வந்து இறங்குவதாகச் சொன்னாள். திருமயிலை நிலைய நடைமேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். "ஹெச்.எம். ஆனப்புறம் நீங்க பேசவே மாட்டீங்க மிஸ், இப்ப என்ன திடீர்னு?" என்று சிரித்தாள். காகிதத்தைப் பார்த்துப் படிக்க எனக்குத் தெம்பில்லை. வாயாலேயே சொன்னேன். எண்ணை மாற்றச் சொன்னது, வெள்ளிக்கிழமை போகச் சொன்னது, தொழுகையிலிருந்து எழுந்து வந்து அவர் உப்பின் பெயரைச் சொன்னது, விசாரணையில் நான் வாய்மூடி இருந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. இரண்டு ரயில்கள் வந்து போயின.

அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு எங்கப்பா அவர் சட்டையைப் பிடிச்சாருன்னு வீட்டுல வந்து சொன்னப்ப நான் கை தட்டினேன் மிஸ்" என்றாள். "என்னைக் காப்பாத்தினதே அவருதானா?"

"ஆமாம்மா."

"அவர் இப்ப எங்க இருக்காரு?"

சொன்னேன். கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். உடனே எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

"நானும் கூட வரட்டுமா கீர்த்தனா?"

"வேணாம் மிஸ்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நான் மட்டும் போறேன்."

படியிறங்கி ஆட்டோ பிடித்துப் போனாள். அங்கே அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இதுவரை இருவரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. என்றைக்காவது உங்களுக்கும் இப்படி ஒரு அறையில், ஒருவர் பாதி சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும் நேரம் வரலாம். மீதியை அங்கேயே, அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். பத்து வருஷம் கழித்துச் சொன்னாலும் உண்மை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் உங்களைக் கூட அழைத்துக்கொண்டு போகாது.